ஊடுருவும் கதிர்களும் உட்பகையும்

மறைப்பதற்கென்று மனிதர் பல பொருள்களைப் படைத்துக்கொண்டனர். வெயிலை மறைக்கக் கூரை வேய்ந்தனர். அயலார் பார்வையை மறைக்கக் கிடுகு வேலி அடைத்தனர். எழுதியதை மறைக்கக் கடிதத்தை உறையிலிட்டனர். ஒளி ஒரு தாளைத் தாண்டவும் தயங்கும் என்ற நம்பிக்கையின் மேலேயே இவையெல்லாம் எழுந்தன. அந்த நம்பிக்கை 1895ஆம் ஆண்டின் இறுதியில் ஒரே மாலைப்பொழுதில் ஆட்டங்கண்டது. தாளையும் மரத்தையும் தசையையும் ஊடுருவிச் செல்லும் கதிர்கள் உண்டென உலகம் அறிந்தது. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் எந்தக் கதிர் எவ்வளவு தூரம் ஊடுருவும் என்பதை அறிஞர்கள் அளந்துவிட்டனர். ஆயினும், எந்தக் கதிர் எவ்வாறு ஊறு விளைக்கும் என்பதை அறிந்துகொள்ள மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. ஊடுருவும் வல்லமை வேறு, ஊறு செய்யும் வல்லமை வேறு என்னும் இவ்வுண்மை, மனித உடல்களையே விலையாகக் கொடுத்துக் கற்ற பாடமாகும்.

ஜேர்மனியிலுள்ள வூர்ஸ்பேர்க் நகரப் பல்கலைக்கழகத்திலே பௌதிகப் பேராசிரியராக இருந்தவர் வில்கெல்ம் றொன்ட்ஜன். 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆந் திகதி மாலை, காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாயொன்றினுள் மின்சாரத்தைச் செலுத்தி அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். குழாயைக் கருந்தாளினால் நன்றாக மூடியிருந்தார். அறையும் இருண்டிருந்தது. ஆயினும், சற்றுத் தொலைவிலே கிடந்த, இரசாயனப் பூச்சிட்ட ஒரு திரை மெல்லென ஒளிரக் கண்டார். கருந்தாளைக் கடந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்று அத்திரையை அடைந்திருத்தல் வேண்டும். அது யாதென அறியாமையால், கணிதத்தில் அறியாத எண்ணைக் குறிக்கும் எழுத்தைக்கொண்டே எக்ஸ்-கதிர் என்று அதற்குப் பெயரிட்டார்.

பின்வந்த வாரங்களில் றொன்ட்ஜன் செய்தவை பெரும்பாலும் தடுத்துப் பார்க்கும் சோதனைகளே. ஏறத்தாழ ஆயிரம் பக்கங்கொண்ட நூலொன்றை நடுவே வைத்தார். கதிர் கடந்து சென்றது. தடித்த மரக்கட்டைகளை வைத்தார், அவற்றையும் கடந்தது. 15 மில்லிமீற்றர் தடித்த அலுமினியம் கதிரைப் பெரிதும் குறைத்ததேயன்றி முற்றாக நிறுத்தவில்லை. ஆனால், 1.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஈயத் தகடு அதனைக் கிட்டத்தட்ட முழுவதும் மறித்துவிட்டது. டிசெம்பர் 22ஆந் திகதி தம் மனைவியின் கையை ஒளிப்படத் தகட்டின்மேல் வைத்து அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. தசை மங்கலான நிழலாகவும், எலும்பும் விரலிலிருந்த மோதிரமும் தெளிந்த உருவாகவும் அதில் விழுந்தன. இதன் காரணம் எளிது. தசை பெரும்பாலும் நீரும் இலேசான மூலகங்களும் சேர்ந்தது. எலும்பிலோ கல்சியமும் பொசுபரசும் உண்டு. அணு பாரமாக ஆக, அதிலுள்ள இலத்திரன்களின் தொகையும் பெருகுகிறது. கதிரை விழுங்கும் ஆற்றலும் வளர்கிறது. ஈயம் சிறந்த காவலாகும் காரணமும் இதுவே. இக்கண்டுபிடிப்புக்காக 1901ஆம் ஆண்டு பௌதிகத்துக்கான முதலாவது நோபெல் பரிசு றொன்ட்ஜனுக்கு வழங்கப்பட்டது. தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை எதனையும் அவர் கோரவில்லை.

செய்தி பரிஸ் நகரை எட்டியதும், அங்கே ஆன்ரி பெக்கரல் என்னும் அறிஞர் யுரேனிய உப்புக்களை ஆராயத் தொடங்கினார். வெயில் பட்டால் அவை இத்தகைய கதிர்களை வீசக்கூடும் என்பது அவர் எண்ணம். 1896ஆம் ஆண்டு பெப்ரவரி மாத இறுதியில் வானம் மூடியிருந்தது. எனவே, உப்பையும் கருந்தாளில் சுற்றிய ஒளிப்படத் தகட்டையும் ஒரு மேசை இழுப்பறையிலே வைத்துவிட்டார். மார்ச்சு 1ஆந் திகதி தகட்டைக் கழுவிப் பார்த்தபொழுது, வெயிலே படாதிருந்தும் உப்பின் உருவம் அழுத்தமாகப் பதிந்திருந்தது. யுரேனியம் யாரும் தூண்டாமல் தானாகவே கதிர் வீசியது. இவ்வியல்பே கதிர்த்தொழிற்பாடு எனப்படுவது. 1898ஆம் ஆண்டு மேரி கியூரியும் அவர் கணவர் பியர் கியூரியும் இதே இயல்புடைய பொலோனியம், இரேடியம் என்னும் இரு மூலகங்களைக் கண்டறிந்தனர்.

இக்கதிர்கள் ஒரே வகையினவா, பல வகையினவா? இவ்வினாவுக்கு விடை கண்டவர் நியூசீலந்திலே பிறந்து கேம்பிறிட்ஜில் ஆராய்ச்சி செய்துவந்த ஏணெஸ்ற் இரதபோட். மாவை அரித்தெடுப்பவர் அரிக்கண்ணைக்கொண்டு நொய்யையும் தூளையும் பிரிப்பதுபோல, அவர் மெல்லிய அலுமினியத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கதிர்களைப் பிரித்தார். முதற் சில தகடுகளிலேயே கதிரின் வலிமை விரைந்து குறைந்தது. அதன் பின் மேலும் தகடுகளை அடுக்கினும் எஞ்சிய கதிர் எளிதிற் குறையவில்லை. ஆகவே, இங்கு இருவகைக் கதிர்கள் கலந்துள்ளன எனத் தெளிந்தார். எளிதில் தடைப்படுவதை அல்பா என்றும், மிகுதியாக ஊடுருவுவதைப் பீற்றா என்றும் 1899இல் வெளிவந்த கட்டுரையில் பெயரிட்டார். 1900ஆம் ஆண்டு பரிஸிலே போல் வில்லார் என்பவர், இரேடியத்திலிருந்து வெளிவந்து காந்தத்தால் வளையாமல் மிகத் தொலைவு ஊடுருவும் மூன்றாவது வகையைக் கண்டார். அது பின்னர் காமாக் கதிர் எனப்பட்டது. கிரேக்க நெடுங்கணக்கின் முதல் மூன்று எழுத்துக்கள் கதிர்களின் ஊடுருவும் வரிசையையே குறிக்கலாயின.

இவ்வரலாற்றிலே இலங்கைக்கும் ஓரிடம் உண்டு. பிற்காலத்திற் கீழைத்தேயக் கலைகளின் உரையாசிரியராய்ப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி, இளமையில் இலங்கைக் கனிய அளவைப் பகுதியின் தலைவராய் இருந்தவர். அவர் 1904ஆம் ஆண்டளவில் சப்பிரகமுவாவிலே பாரமான கருநிறக் கனியமொன்றைக் கண்டறிந்தார். யுரேனியக் கனியமெனவே முதலிற் கருதப்பட்ட அது, தோரியம் செறிந்த புதிய கனியமென இலண்டனிலே தெளியப்பட்டுத் தோரியனைற்று என்னும் பெயர் பெற்றது. அந்த இலங்கைக் கனியத்திலிருந்து எடுத்த பொருளை இலண்டனில் ஆராய்ந்த ஒற்றோ ஆன் என்னும் இளம் ஜேர்மானியர், 1905ஆம் ஆண்டு ரேடியோதோரியம் என்னும் கதிர்வீசும் பொருளைக் கண்டார். அதே வழியிலே தொடர்ந்து ஆராய்ந்து, 1907ஆம் ஆண்டு மெசொதோரியம் என்பதையும் கண்டார். இப்பெயரை நேயர்கள் நினைவிற் கொள்ளுதல் நன்று. இவ்வரலாற்றின் துன்பப் பகுதியிலே அது மீண்டும் தோன்றும்.

இக்கதிர்கள் ஒன்றுக்கொன்று ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன? 1908ஆம் ஆண்டு மான்செஸ்ரரில் இரதபோட்டும் தோமஸ் றொயிட்சும் செய்த சோதனை அல்பாவின் இயல்பை ஐயமற வெளிப்படுத்தியது. அல்பாத் துணிக்கை என்பது ஈலிய அணுவின் கருவேயாம். அது பாரமானது, இரட்டை மின்னேற்றம் உடையது. சந்தைக் கூட்டத்தினூடே பாரவண்டியொன்றை இழுத்துச் செல்பவன் இருபுறமும் உள்ளவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டே செல்வான். விரைவிற் களைத்தும் போவான். அதுபோல, அல்பாத் துணிக்கை வழியிலுள்ள அணுக்களின் இலத்திரன்களைப் பிடுங்கி எறிந்துகொண்டே செல்கிறது. காற்றிலே சில சென்ரிமீற்றரும், உடற்றசையிலே 1 மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கிற்கும் குறைவான தூரமும் சென்றதும் அது நின்றுவிடும். ஒரு தாள் அதனைத் தடுக்கும். தோலின் மேலேயுள்ள இறந்த கலங்களின் படையும் தடுக்கும்.

அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் வில்லியம் பிறாக் 1904ஆம் ஆண்டு இன்னொன்றையும் கண்டார். அல்பாத் துணிக்கை தன் வழியின் தொடக்கத்தில் அன்றி முடிவிலேயே பேரழிவு செய்கிறது. விரைவு குறையக் குறைய, ஒவ்வோர் அணுவின் அருகிலும் அது தங்கும் நேரம் மிகுகிறது. ஆகவே அழிவும் மிகுகிறது.

பீற்றா என்பது விரைந்து செல்லும் இலத்திரன். அது மிக இலேசானது. வழியில் அங்குமிங்கும் சிதறிச் செல்வது. காற்றில் சில மீற்றரும், தசையிற் சில மில்லிமீற்றரும் அது செல்லக்கூடும். சில மில்லிமீற்றர் அலுமினியம் அதற்குப் போதிய தடையாகும். காமாவோ எக்ஸ்-கதிரைப் போன்று ஒளியின் இனத்தது, மின்னேற்றம் அற்றது. அதற்கு இவ்வளவு தூரம் என்ற எல்லை இல்லை. படிப்படியாகக் குறைதலே உண்டு. மருத்துவத்திற் பயன்பட்டுவரும் கோபாற்று-60இன் காமாக் கதிரை ஏறத்தாழ 1.2 சென்ரிமீற்றர் ஈயம் பாதியாக்கும். அடுத்த 1.2 சென்ரிமீற்றர் எஞ்சியதைப் பாதியாக்கும். இவ்வாறு பத்து அடுக்குக்களைக் கடந்தால் ஆயிரத்தில் ஒரு பங்களவே மிஞ்சும். ஆனால், முற்றாக ஒழிந்தது எனல் இயலாது.

1932ஆம் ஆண்டு கேம்பிறிட்ஜில் ஜேம்ஸ் சட்விக் கண்ட நியூத்திரன் இவ்வரிசைக்கே அடங்காதது. தடித்த ஈயத்தையும் அது எளிதிற் கடக்கும். நீரும் மெழுகும் அதனைத் தடுக்கும். போளை அடிக்கும் சிறுவர் இதன் காரணத்தை அறிவர். சிறு போளையொன்று பெரிய இரும்புக் குண்டில் மோதினால் விரைவு குறையாமல் தெறித்து மீளும். தன்னையொத்த போளையில் மோதினாலோ தன் விரைவை அதற்குக் கொடுத்துவிட்டுத் தளர்ந்துவிடும். நியூத்திரனை ஒத்த பாரமுடையது ஐதரசனின் கரு. அது நீரிலே நிறைய உண்டு; மனித உடலிலும் நிறைய உண்டு. எனவே ஈயத்தைக் கடந்து வரும் நியூத்திரன், தன் ஆற்றலை உடலிலேயே கொட்டிவிடும்.

தொடக்ககாலத்தில் ஏற்பட்ட ஊறுகள் யாவும் ஊடுருவும் கதிர்களாலேயே விளைந்தனவாகத் தோன்றின. தோமஸ் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்-கதிர்க் குழாய்களோடு உழைத்த கிளாறென்ஸ் டாலி என்பவர் கைகள் புண்பட்டு, புற்றுநோய் பரவி, கைகளை இழந்து, 1904இல் இறந்தார். இரேடியம் அடங்கிய சிறு குழாயைச் சட்டைப்பையிற் கொண்டுசென்ற பெக்கரலின் உடலிலே புண் உண்டாயிற்று. பியர் கியூரி தம் கையிலே வேண்டுமென்றே இரேடியத்தை வைத்துப் புண் உண்டாக்கி, அது ஆறும் விதத்தைக் குறித்து வைத்தார். கதிர்களுக்கு இரையான மருத்துவர், தாதியர், பௌதிக அறிஞர் ஆகியோருக்காக 1936ஆம் ஆண்டு கம்பேர்க் நகரில் எழுப்பப்பட்ட நினைவுத்தூண், நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பெயர்களைத் தாங்கி நின்றது. இவற்றிலிருந்து உலகம் கற்றுக்கொண்ட பாடம், கதிருக்கும் உடலுக்கும் இடையே ஈயத்தை வைக்கவேண்டும் என்பதே. பாடம் சரியானது, ஆனால் நிறைவானதன்று. தாளும் தடுக்கும் அல்பாவைப் பற்றி எவரும் அஞ்சவில்லை.

முதலாவது உலகப்போர்க் காலத்தில் இருளிலும் ஒளிரும் கடிகாரங்கள் போர்வீரர்க்கு வேண்டியிருந்தன. நாக சல்பைட்டு என்னும் பொருளோடு மிகச் சிறிய அளவு இரேடியத்தைக் கலந்தால் அது ஓயாமல் ஒளிவிடும். 1917ஆம் ஆண்டு தொடக்கம், அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலத்து ஒறேஞ்சு நகரிலிருந்த தொழிற்சாலையொன்றிலே இளம்பெண்கள் பலர் இப்பூச்சினால் கடிகார எண்களைத் தீட்டினர். அவர்களுட் பலர் பதினாறு, பதினேழு வயதினர். எண்கள் நுண்ணியவை, தூரிகையின் நுனி கூர்மையாக இருத்தல் வேண்டும். எனவே, தூரிகையை உதட்டிடை வைத்துக் கூராக்கிப் பூச்சில் தோய்த்துத் தீட்டும்படி கற்பிக்கப்பட்டனர். ஒவ்வொரு முறையும் சிறிதளவு பூச்சு வாயினுட் சென்றது. தீங்கு உண்டோ என வினவியவர்க்கு இல்லை என்றே விடை கிடைத்தது. வேலை முடிந்து வீடு செல்லும்போது அவர்களின் கூந்தலும் உடையும் இருளில் ஒளிர்ந்தன. அதே நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இரேடியத்தைப் பேரளவிற் கையாண்ட இரசாயன அறிஞர்களோ ஈயத் திரைகளையும் இடுக்கிகளையும் பயன்படுத்தினர். ஊடுருவும் கதிருக்குக் காவல் இருந்தது. ஊடுருவாத கதிருக்கு வாயிலே திறந்திருந்தது.

சில ஆண்டுகளில் அப்பெண்களின் பற்கள் ஆடி விழுந்தன. பல் பிடுங்கிய புண் ஆறவில்லை; தாடையெலும்பு துண்டு துண்டாய்ச் சிதைந்தது. சிலருக்கு இரத்தம் குன்றியது. சிலருக்கு முதுகெலும்பும் இடுப்பெலும்பும் நொறுங்கின. 1924ஆம் ஆண்டு ஆவேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செசில் டிறிங்கர் தொழிற்சாலையை ஆராய்ந்து, இரேடியமே காரணமென அறிக்கை செய்தார். நிறுவனம் அவ்வறிக்கையை வெளிவரவிடாது மறைத்து, அரசாங்கத் தொழிற் பகுதியினர்க்கு அதன் முடிவுகளைத் திரித்துக் கூறியது. ஆனால், 1925ஆம் ஆண்டு அப்பகுதியின் மரண விசாரணை மருத்துவரான கரிசன் மாற்லண்ட் உண்மையை உறுதிப்படுத்தினார். இரேடியம் சிதையும்போது இரேடன் என்னும் வாயு பிறக்கும். நோயுற்ற பெண்களின் மூச்சுக்காற்றிலே அவ்வாயு இருப்பதை அவர் கருவிகொண்டு காட்டினார். இறந்தவர்களின் எலும்புகளும் கதிர் வீசின. அப்பூச்சிலே இரேடியத்தோடு மெசொதோரியமும் கலந்திருந்தமை புலனாயிற்று.

எலும்பு ஏன் இரையாயிற்று? இரசாயன இயல்பில் இரேடியம் கல்சியத்தை ஒத்தது. எலும்பைக் கட்டும் உடலுக்கு இரண்டிற்கும் வேறுபாடு தெரிவதில்லை. வந்த இரேடியத்தில் ஒரு பகுதியை எலும்பிலே பதித்துக்கொள்கிறது. அங்கே இறந்த தோற்படை இல்லை; தாளும் இல்லை. அல்பாத் துணிக்கை செல்லும் மிகக் குறுகிய தூரத்திற்குள்ளேயே எலும்பை வளர்க்கும் உயிர்க்கலங்களும், இரத்தத்தை ஆக்கும் மச்சையும் உள்ளன. காமா தன் ஆற்றலில் ஒரு பகுதியை உடலில் விட்டு எஞ்சியதோடு வெளியேறிவிடும். அல்பாவோ முழு ஆற்றலையும் சில கலங்களின் மேலேயே சொரிந்துவிடும். இரேடியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1600 ஆண்டுகள் செல்லும். மனித வாழ்நாளோ சிறிது. திருவள்ளுவர் உட்பகைக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். வெளியே நிற்கும் பகையைக் காட்டிலும் உள்ளிருந்து அறுக்கும் பகை கொடிது என்னும் அவர் கருத்து, இப்பெண்களின் உடலிலே எழுத்துக்கு எழுத்து உண்மையாயிற்று.

அவர்களுள் கிறேஸ் பிறையர் என்பவர் வழக்குத் தொடர எண்ணினார். அவ்வழக்கை ஏற்கும் சட்டத்தரணி ஒருவரைத் தேடவே ஈராண்டுகள் சென்றன. 1927ஆம் ஆண்டு அவரும் வேறு நான்கு பெண்களும் வழக்காடினர். ஊறு நேர்ந்து ஈராண்டுக்குள் வழக்கிடல் வேண்டும் என்னும் சட்டத்தை நிறுவனம் காட்டியது. நஞ்சு உள்ளே கிடந்து பல ஆண்டுகளின் பின்னரே வெளிப்படும் நோய்க்கு அச்சட்டம் எவ்வாறு பொருந்தும் என்பதே வழக்கின் உயிர்நிலை. நீதிமன்றில் உறுதிமொழி எடுக்கக் கையை உயர்த்தவும் இயலாதிருந்தனர் சிலர். 1928ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒவ்வொருவருக்கும் 10,000 டொலரும், ஆண்டுக்கு 600 டொலரும், மருத்துவச் செலவும் தருவதென இணக்கம் ஏற்பட்டது. கிறேஸ் பிறையர் 1933ஆம் ஆண்டு இறந்தார். அப்பூச்சை உருவாக்கியவரான சபின் வொன் சொகொக்கியும் அதன் கதிர்களுக்கே இரையாகி 1928ஆம் ஆண்டு மறைந்தார்.

அக்காலத்தில் ஏழைத் தொழிலாளர் அறியாமல் உண்ட நஞ்சைச் செல்வர் விலை கொடுத்தும் வாங்கினர். இரேடியம் கலந்த நீர் புத்துணர்ச்சி தரும் மருந்தென விற்கப்பட்டது. அதனை ஆயிரத்துக்கு மேற்பட்ட புட்டிகள் வாங்கி அருந்திய அமெரிக்கச் செல்வர் எபென் பையேர்ஸ், தாடை சிதைந்து 1932ஆம் ஆண்டு மாண்டார். ஒரு செல்வரின் சாவு செய்தித்தாள்களை உலுக்கிய பின்னரே அத்தகைய மருந்துகளின் விற்பனை ஒடுங்கியது.

இத்துன்பம் வீண்போகவில்லை. கடிகாரம் தீட்டியவர்களின் உடலிலிருந்த இரேடியத்தை அளந்த றொப்லி எவன்சு முதலியோரின் ஆராய்ச்சியைக்கொண்டு, ஒருவர் உடலிற் சேரத்தக்க இரேடியத்தின் எல்லை 1941ஆம் ஆண்டு அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. சில ஆண்டுகளின் பின் புளுத்தோனியத்தோடு உழைத்தவர்களைக் காக்கும் விதிகளுக்கும் அதுவே அடிப்படையாயிற்று. 1928ஆம் ஆண்டு ஸ்ரொக்கோமில் தொடங்கிய அனைத்துலகக் கதிர்க்காப்புக் குழு, இன்று ஒரே அளவு ஆற்றலை உடலுக்குக் கொடுக்கும் காமாவினும் அல்பாவை இருபது மடங்கு தீயதாக மதிக்கிறது. தாளைத் தாண்டாத கதிருக்கு இருபது மடங்கு மதிப்பு! முப்பது ஆண்டுகாலப் பிழையின் திருத்தம் அந்த ஓர் எண்ணிலே அடங்கியிருக்கிறது.

பழைய பாடம் புதிய வடிவங்களிலும் தோன்றியது. 2006ஆம் ஆண்டு இலண்டனில் அலெக்சாண்டர் லித்வினென்கோ என்பவர் பொலோனியம் கலந்த பானத்தை அருந்தி, மூன்று வாரங்களில் மாண்டார். அல்பாக் கதிர் உடலைவிட்டு வெளிவராமையால், வெளியே வைத்த கருவிகளுக்கு அது அகப்படவில்லை; சிறுநீரைச் சோதித்த பின்னரே நஞ்சு தெளிவாயிற்று. நிலத்திலிருந்து கசிந்து, காற்றோட்டம் குன்றிய வீடுகளிலே தேங்கும் இரேடன் வாயுவும் இத்தகையதே. அதனை மூச்சோடு உள்ளிழுப்போரின் நுரையீரலிலே அல்பாக் கதிர்கள் புற்றுநோயை விளைக்கக்கூடும்.

நஞ்சே மருந்தாவதும் உண்டு. இரேடியம் எலும்பை நாடிச் செல்லும் இயல்பைக்கொண்டே, எலும்பிற் பரவிய ஒருவகைப் புற்றுநோய்க்கு இரேடியம்-223 என்னும் மருந்து 2013ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 11 நாட்கள். ஆகையால் நெடுங்காலம் உடலிற் குடியிருப்பதில்லை. அல்பாக் கதிரின் குறுகிய தூரம் இங்கே நன்மையாகிறது: நோயுற்ற கலங்களைத் தாக்குகிறது, சற்று அப்பாலுள்ளவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. தாடை சிதைந்த பெண்களின் எலும்புகள் எடுத்துரைத்த அதே உண்மை, பிற்காலத்து நோயாளரின் வலியைக் குறைக்க உதவுகிறது.

எக்ஸ்-கதிர் தோன்றிய நாள்தொட்டு உலகம் கேட்ட முதற் கேள்வி, "இது எதுவரை செல்லும்?" என்பதே. அது நல்ல கேள்விதான். ஈயத் திரையும் மருத்துவப் படமும் அக்கேள்வியின் பயன்கள். ஆனால் அதனோடு, "இது எங்கே நிற்கும்? நிற்குமிடத்தில் யார் இருக்கிறார்?" என்னும் கேள்விகளையும் கேட்டிருத்தல் வேண்டும். அவற்றை அறிஞர் கேட்கத் தவறிய காலத்தில், கடிகாரம் தீட்டிய ஏழைப் பெண்கள் தம் உடலாலேயே விடை கூறினர். ஒரு புதிய பொருளைத் தீங்கற்றது என எவரேனும் சொல்லும்பொழுது, அதனை வெளியே வைத்து அளந்தாரா, உள்ளே புகுந்தால் என்னாகும் என்றும் எண்ணினாரா என வினவும் உரிமை, அதனோடு உழைக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.